களிக்கு ஆகாத அடுப்பு

10-12-1999

கவி,

ரெண்டு நாள்ல வந்துடறேன்னு சொல்லிட்டுத்தான் ஹாஸ்டலை விட்டுக் கிளம்பினேன். அது நடக்காது போல. அம்மா கிணத்துமேட்டுல வழுக்கி விழுந்ததுல வலது கை ரெண்டு இடத்துல உடைஞ்சிருக்கு. வேலூர்ல ஆபரேஷன் பண்ணிக் கம்பி வச்சிருக்காங்க. பிப்ரவரி முடியற வரைக்கும் அந்தக் கையால ஒரு டம்ளரைக்கூடத் தூக்கக் கூடாதாம். அப்பாவுக்கு நெல் அறுப்பு வேலை. வீட்ல நான் ஒரே பொண்ணு. ஆக, அடுப்படி எனக்கு.

நாம ரெண்டு பேரும் சேர்ந்து எழுதறதா இருந்த ப்ராஜெக்டை நீயே முடிச்சுடு. உலக வங்கிக் கடனைப் பத்திக் கீழ்பென்னாத்தூர் பக்கத்துக் கிராமத்துல உட்கார்ந்துக்கிட்டு நான் என்னத்தைப் படிக்க? கஸ்தூரி மேடம்கிட்ட என் அட்டெண்டன்ஸ் பத்திக் கேட்டு எழுது. பார்க்க வர்ற சொந்தக்காரங்க எல்லாம், "இவ்வளவு படிச்சது போதாதா?"ன்னு ஆரம்பிச்சுட்டாங்க. அம்மா கை சரியாகறதுக்குள்ள நான் இங்கேயே தங்கிடுவேனோன்னு பயமா இருக்கு.

சமையல் நல்லாத்தான் வருது, புகைதான் தாங்கல. நாலு நாளா கண்ணு ரெண்டும் சிவந்து கிடக்கு. இதுல வேடிக்கை என்னன்னா, எங்க அடுப்படி மூலையிலேயே அரசாங்கம் கட்டிக்கொடுத்த புகையில்லா அடுப்பு ஒண்ணு இருக்கு. ரெண்டு குழி, கூரைக்கு மேல போற குழாய், எல்லாம் இருக்கு. அதுக்குள்ள எங்க வீட்டுப் பூனை குட்டி போட்டிருக்கு. "பாவம், அதை எழுப்பாதே"ங்கறாங்க அம்மா. ஜைன வீட்ல பூனைக்கு இருக்கற மரியாதை எனக்கு இல்ல.

யமுனா

18-12-1999
சென்னை

அன்புள்ள யமு,

உன் கடிதத்தை மேடத்திடம் அப்படியே படித்துக் காட்டிவிட்டேன். கோபப்படாதே. பூனை வந்த இடத்தில் சிரித்தவர், சட்டென்று நிறுத்திவிட்டு, "அந்த ஊர்ல எத்தனை பேர் வீட்ல அந்த அடுப்பு எரியுது?" என்று கேட்டார். எனக்கு என்ன தெரியும்? "அப்ப அதுதான் உங்க ப்ராஜெக்ட்" என்றார். கடன் போயிற்று, அடுப்பு வந்தது!

களப்பணி உன்னுடையது, நூலகம் என்னுடையது. களப்பணி நாட்களை வருகையில் சேர்த்துக்கொள்ளத் துறைத் தலைவரிடம் மேடமே பேசிவிட்டார். இன்னும் ஒரு விஷயம். மார்ச்சில் பெங்களூரில் இளங்கலை மாணவர்களுக்கான ஆய்வு மாநாடு நடக்கிறது. வளரும் நாடுகளின் பிரச்சினைகள்தான் தலைப்பு. வெளிநாட்டு மாணவர்களும் வருகிறார்கள். நம் கட்டுரையை அனுப்பலாம் என்கிறார் மேடம்.

நூலகத்தில் தேடினால் மலைப்பாக இருக்கிறது. கென்யா, நேபாளம், குவாத்தமாலா என்று எங்கு பார்த்தாலும் யாரோ ஒருவர் ஏழைப் பெண்களுக்கு நல்ல அடுப்பு கொடுத்திருக்கிறார், அவர்கள் அதை ஓரமாக வைத்திருக்கிறார்கள். உங்கள் வீட்டு மூலை உலகம் முழுக்க இருக்கிறது, யமு.

கேள்வித்தாள் இணைத்திருக்கிறேன். ஒரு கேள்வியையும் விட்டுவிடாதே. அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

உன்,
கவிநிலா

5-1-2000

கவி,

உன் கேள்வித்தாளைத் தூக்கிக்கிட்டு முதல்ல சந்திரம்மாள் வீட்டுக்குத்தான் போனேன். எங்க நிலத்துக்கு நாத்து நட வர்றவங்க, நல்லாப் பேசுவாங்க. "மேம்படுத்தப்பட்ட அடுப்பின் பயன்பாட்டில் தாங்கள் எதிர்கொள்ளும் இடர்ப்பாடுகள் யாவை?"ன்னு படிச்சேன். அவங்க என்னையே கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "இன்னா பாப்பா, யாரையாவது திட்டறியா?"ன்னு கேட்டாங்க. அதோட தாளை மடிச்சு வச்சுட்டேன்.

இப்ப நான் செய்யறது இதுதான். எங்க வீட்ல பொழுது சாயறதுக்குள்ள சாப்பாடு முடிஞ்சுடும், எங்க ஜனங்க வழக்கம் அது. மத்த தெருவுல அப்பத்தான் அடுப்பே பத்த வைப்பாங்க. அந்த நேரம் பார்த்துப் போய் அடுப்புக்கிட்ட உட்கார்ந்துடறேன். விறகு தள்ளிக்கிட்டே பேசுவாங்க. கேட்டதுக்கு மேலயே சொல்றாங்க.

சந்திரம்மாள் புது அடுப்பை ஒரு வாரம் வச்சுப் பார்த்தாங்களாம். "அது மேல களி கிண்ட முடியாது பாப்பா. பானையைக் காலால அணைச்சுக்கிட்டு, துடுப்பைப் போட்டு ரெண்டு கையாலயும் கிண்டணும். அது உசரமா நிக்குது, வழவழன்னு வேற இருக்கு. பானை ஆடுது. ஒருநா நான் கிண்டின கிண்டுல அடுப்பு வாயே பேந்துக்கிச்சு." கேழ்வரகுக் களி இல்லாம இந்தத் தெருவுல ராத்திரி சாப்பாடே கிடையாது, தெரியுமில்ல?

இன்னொரு அம்மா சொன்னாங்க, வாய் சின்னதாம், கடலைக்கொடி நுழையாதாம், விறகைச் சன்னமாப் பிளந்தாத்தான் போகுமாம். யாரு உட்கார்ந்து பிளக்கறது? இன்னொருத்தங்களுது கூரைவீடு. குழாய் போற ஓட்டை வழியா மழைத்தண்ணி நேரா சோத்துப் பானையில விழுதாம். புகை இல்லாம போனதும் கூரையில பூச்சி வந்துடுச்சுன்னு சொன்னவங்களும் உண்டு. அடுப்பு கட்டிட்டுப் போனவங்க ஒரு தடவையாவது திரும்பி வந்து பார்த்தாங்களான்னு கேட்டா, எல்லாரும் சிரிக்கறாங்க.

எல்லாத்தையும் இதோட எழுதி அனுப்பியிருக்கேன். உண்மையைச் சொன்னா எனக்கு இது ரொம்பப் பிடிச்சிருக்கு. பகல் முழுக்கச் சமைச்சுட்டு, எப்படா சாயங்காலம் வரும்னு காத்துக்கிட்டு இருக்கேன்.

யமுனா

17-1-2000
சென்னை

அன்புள்ள யமு,

பொங்கல் முடிந்து திருவண்ணாமலையிலிருந்து நேற்றுதான் திரும்பினேன். உங்கள் ஊருக்கு வர நினைத்தேன், முடியவில்லை. எங்கள் லாட்ஜில் வெளிநாட்டுக்காரர்கள் நிறைந்திருந்தார்கள். செங்கம் ரோட்டில் ஒரு அறைகூடக் காலி இல்லை. அம்மாவோடு வேலை செய்யவே சரியாக இருந்தது.

கட்டுரையின் முதல் வரைவு முடிந்துவிட்டது, இணைத்திருக்கிறேன். முதல் வாக்கியம் கனமாக இருக்க வேண்டும் என்று நிறைய யோசித்தேன். "கிராமப்புறப் பெண்களிடையே காணப்படும் விழிப்புணர்வின்மையே இத்திட்டத்தின் தோல்விக்கு முதற்காரணம்." நான் படித்த அறிக்கைகள் பெரும்பாலும் இதைத்தான் சொல்கின்றன. நீ எழுதியவற்றைக் கடைசிப் பகுதியில் 'பெண்களின் கருத்துகள்' என்று சேர்த்திருக்கிறேன். மாத இறுதிக்குள் சுருக்கத்தை அனுப்ப வேண்டும். சரி என்று ஒரு வரி எழுதிப் போடு.

கவி

21-1-2000

கவிநிலா,

சரி இல்ல.

விழிப்புணர்வின்மையா? யாருக்கு? ஒரு வாரம் சமைச்சுப் பார்த்து, எது எது ஆகலன்னு விரல் விட்டுச் சொன்ன சந்திரம்மாளுக்கா? எங்க அம்மாவுக்கா? என்னை நம்பிப் பேசினவங்களை நீ கடைசிப் பக்கத்துல ஊறுகாய் மாதிரி வச்சிருக்கே. அடுப்பு மோசம். எழுதறதா இருந்தா அப்படி எழுது. இல்லேன்னா என் பேரை எடுத்துடு.

கேஸ் அடுப்பு இருக்கற வீட்ல பிறந்தவங்களுக்கு இதெல்லாம் புரியாது.

யமுனா

26-1-2000
சென்னை

யமுனா,

ரெண்டு நாளா உன் லெட்டரைப் பையிலேயே வச்சுக்கிட்டுத் திரிஞ்சேன். இன்னிக்கு லீவு, ஹாஸ்டல்ல யாரும் இல்ல. அதனால எழுதறேன்.

கேஸ் அடுப்பு இருக்கற வீட்ல நான் பிறக்கல. லாட்ஜ் வர்றதுக்கு முன்னாடி எங்க வீட்ல சாப்பாட்டுக்கடைதான். பின்பக்கம் தகரக் கொட்டாய்ல மூணு விறகடுப்பு. விடிய ஆரம்பிச்சா எங்க அம்மா அங்கேதான் இருப்பாங்க. நான் ஆறாவது படிக்கறப்ப அவங்களுக்கு இழுப்பு வந்துடுச்சு. அதுக்கப்புறம்தான் கேஸ். இப்பவும் மாடிப்படி ஏறினா பாதியில நின்னு மூச்சு வாங்கிக்கிட்டுத்தான் ஏறுவாங்க. இதை உன்கிட்டகூட நான் சொன்னதில்ல. ஹாஸ்டல்ல யாரும் அடுப்பைப் பத்திப் பேசறதில்லையே.

மோசம்னு ஒரே வார்த்தையில எழுதிட்டா என்ன ஆகும்னு யோசிச்சியா? "அவங்களுக்கு வேணாமாம்"னு மூட்டை கட்டிட்டுப் போயிடுவாங்க. அப்புறம் சந்திரம்மாளுக்கு வேற அடுப்பு யார் கொண்டுவருவாங்க? என் வாக்கியம் உனக்குப் பிடிக்கல, சரி. உன் வாக்கியமும் எனக்குப் பிடிக்கல. நீ ஒரே ஒரு ஊரைத்தான் பார்த்திருக்கே, அதுவும் உங்க ஊரை.

சுருக்கத்தை ரெண்டு பேர் பேரோடயும் அனுப்பிட்டேன். காரணம் எதுவும் எழுதல, 'ஆய்வு தொடர்கிறது'ன்னு மட்டும் போட்டேன்.

கவிநிலா

6-2-2000

கவி,

இந்த லெட்டரை மூணு தடவை ஆரம்பிச்சுக் கிழிச்சுட்டேன். உங்க அம்மா விஷயம் எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா அந்தக் கடைசி வரியை எழுதியிருக்க மாட்டேன். அம்மாகிட்ட சொன்னேன். "கவியோட அம்மா வந்தா நம்ம வீட்ல ஒரு வாரம் தங்கச் சொல்லு, வயக்காத்து நல்லது"ன்னாங்க. அந்தப் புகையைத் தாண்டித்தான் வயக்காத்து வரணும்னு நான் சொல்லல.

இப்ப கேளு. வெள்ளிக்கிழமை என்னைப் பெண் பார்க்க வந்தாங்க.

பதறாதே. அப்பாவுக்குத் தெரிஞ்ச குடும்பம், வந்தவாசிப் பக்கம். பையன் பேரு ஜினேஷ், கூட்டுறவு பேங்க்ல வேலை. முன்கூட்டியே என்கிட்ட யாரும் சொல்லல, காலையிலதான் சொன்னாங்க. நான் அழுது முடிச்சு, முகம் கழுவி, கேசரி கிண்டிக்கிட்டு இருந்தேன். பையனோட அம்மா ஜோதியம்மாள் கூடத்துல உட்காராம நேரா அடுப்படிக்கு வந்துட்டாங்க. என் கையைப் பார்ப்பாங்க, முடியைப் பார்ப்பாங்கன்னு நின்னேன். அவங்க மூலையைப் பார்த்தாங்க.

"இது ஏம்மா எரியல?"

எனக்கு இருந்த எரிச்சலுக்கு, "களிக்கு ஆகாதுங்க, வாய் சின்னது, எரியாது"ன்னு கடகடன்னு சொல்லிட்டேன்.

"அப்படியே வச்சிருந்தா எப்படி ஆகும்? எங்க ஊர்ல முக்கால்வாசி வீட்ல இதுதான் எரியுது."

கரண்டி என் கையில அப்படியே நின்னுடுச்சு. எப்படிங்கன்னு கேட்டேன். அடுப்பு கட்ட வந்த கொத்தனார் வேணு அவங்க ஊர்க்காரராம். அவர் கட்டிட்டுப் போன மறுநாளே பொம்பளைங்க எல்லாம் சேர்ந்து, களி கிண்ட முடியலன்னு சண்டைக்குப் போயிட்டாங்களாம். அவர் திரும்ப வந்து உயரத்தைக் கம்மி பண்ணி, வாயை அகலமாக்கி, பானை ஆடாம இருக்க மூணு குமிழ் வச்சுக் கொடுத்தாராம். கூரைவீட்டுக்குக் குழாயைச் சுவர்ப் பக்கமா திருப்பி விட்டாராம். "எங்க பிடுங்கல் தாங்காமத்தான் செஞ்சான்"னு சொல்லிச் சிரிக்கறாங்க.

நான் அடுப்புக்குக் கீழே குந்திக்கிட்டுக் கேள்வி மேல கேள்வியா கேட்கறேன். அவங்களும் புடவையைச் சொருகிக்கிட்டு உட்கார்ந்து, கரியால தரையில படம் போட்டுக் காட்டறாங்க. கூடத்துல இருந்து அப்பா, "யமுனா, காப்பி"ன்னு ரெண்டு தடவை கூப்பிட்டுட்டார். கேசரி அடிபிடிச்சுடுச்சு. அப்பா முகத்தை நீ பார்த்திருக்கணும்.

கவி, நீயும் தப்பு, நானும் தப்பு. அதே அடுப்புதான், பொம்பளைங்களும் அதே மாதிரிதான். நான் அந்த ஊருக்குப் போய் என் கண்ணால பார்க்கணும். ஆனா நிச்சயம் ஆகாத பொண்ணு அங்கே கால் வைக்கக் கூடாதுன்னு அப்பா கத்தறார். எனக்குப் பதிலா நீ போயிட்டு வருவியா? அம்மா உன்னோட துணைக்கு வர்றேங்கறாங்க.

யமுனா

14-2-2000
சென்னை

யமு,

உங்க அம்மாவை வந்தவாசியில திருவண்ணாமலை பஸ் ஏத்திவிட்டுட்டு, நான் நேரா சென்னை பஸ் பிடிச்சுட்டேன். அவங்க பத்திரமா வந்திருப்பாங்க. இடுப்புல ஒரு மூட்டைப் பச்சைப்பயறு வேற, ஜோதியம்மாள் கொடுத்தது. உடைஞ்ச கையோட எப்படித் தூக்கினாங்கன்னு என்னைத் திட்டாதே. நான் கேட்டும் கொடுக்கல.

யமு, எரியுது! வீட்டுக்கு வீடு எரியுது. ஆனா ஒரு அடுப்பு மாதிரி இன்னொண்ணு இல்ல. ஒருத்தங்க ரெண்டாவது குழியை அடைச்சிருக்காங்க. ஒருத்தங்க அதுலதான் வெந்நீர் வைக்கறாங்க. ஒரு வீட்ல நெல் அவிக்கறதுக்காக வாயை இடிச்சே எடுத்துட்டாங்க, அங்கே புகை அப்படியே வருது. அதையும் எழுதிக்கிட்டேன், நீ சொல்லிக்கொடுத்த மாதிரி அடுப்புக்கிட்ட உட்கார்ந்து. என் கேள்வித்தாளைப் பையை விட்டு எடுக்கவே இல்ல.

ஒரு அடுப்படியில குனிஞ்சு உள்ள போனேன். களி வெந்துக்கிட்டு இருக்கு, கண்ணு எரியல. சுவத்துல கரி இல்ல. அந்தம்மா பாட்டுக்கு ஏதோ கதை பேசிக்கிட்டே கிண்டறாங்க, ஒரு இருமல் இல்ல. எனக்கு எங்க அம்மா நினைப்பு வந்துடுச்சு. வெளியே வந்து கொஞ்ச நேரம் நின்னேன். உங்க அம்மா தண்ணிச் செம்பைக் கொண்டுவந்து கொடுத்தாங்க.

வேணுவையும் பார்த்தேன். "மேல இருந்து கொடுத்த அளவு அதும்மா. அளவை மாத்தினா பில் பாஸ் ஆகாதுன்னாங்க. அவங்க வந்து அளந்துட்டுப் போனப்புறம்தான் மாத்தினேன்"னார். உங்க ஊர்ல கட்டினவர் வெளியூர்க்காரராம். யாரு வந்து சண்டை போடறது?

முதல் வாக்கியத்தை அடிச்சுட்டேன். புதுசா நீதான் எழுதணும்.

அப்புறம், மாப்பிள்ளை. நல்ல பையன்டி. கொஞ்சம் வழுக்கை விழ ஆரம்பிச்சிருக்கு. எங்களுக்குக் குடை பிடிச்சுக்கிட்டே தெருத்தெருவா வந்தார், வெயிலுக்கு. "அவங்க மேல படிக்கணும்னு நினைக்கறாங்களா?"ன்னு என்கிட்ட கேட்டார். நான், "அதை அவகிட்டதான் கேட்கணும்"னுட்டேன்.

கவி

12-3-2000
திருவண்ணாமலை

யமு,

நீ திரும்ப ஹாஸ்டலுக்கு வந்த ஒரே வாரத்துல நான் வீட்டுக்கு வரணும்னு இருக்கு பார். அம்மை நல்லாவே போட்டிருக்கு. முகத்துல எடமே இல்ல. வாசல்ல வேப்பிலை கட்டிட்டாங்க. லாட்ஜ்ல இருக்கற ஒரு வெளிநாட்டுக்காரர் அதைத் திருவிழான்னு நினைச்சு போட்டோ எடுத்துட்டுப் போனாராம். இந்த லெட்டரை அம்மா வெயில்ல நல்லாக் காயவச்சுத்தான் அனுப்பறாங்க. பயப்படாம தொடு.

பெங்களூருக்கு நீதான் போகணும். முடியாது, என் இங்கிலீஷ் சரியில்லன்னு ஆரம்பிக்காதே. நான் போயிருந்தா நல்ல இங்கிலீஷ்ல பேசிட்டு வந்திருப்பேன், கேள்வி கேட்டா மாட்டியிருப்பேன். நீ திணறித் திணறிப் பேசு, பரவாயில்ல. கேள்விக்கு உனக்குப் பதில் தெரியும். மேடம் கூட இருப்பாங்க.

சொறியக்கூடாதுன்னு கையில துணி சுத்தி வச்சிருக்காங்க. இதுக்கு மேல எழுத முடியல.

கவி

21-3-2000

கவி,

பேசிட்டேன்டி!

முதல் நிமிஷம் வாயே திறக்கல. எனக்கு முன்னாடி பேசின ஒரு பையன் கம்ப்யூட்டர் வச்சுப் படம் எல்லாம் போட்டான். நான் ஜோதியம்மாள் தரையில போட்ட படத்தை அப்படியே சார்ட்ல வரைஞ்சு எடுத்துட்டுப் போயிருந்தேன். அதை மாட்டினதும் எனக்குப் பேச்சு வந்துடுச்சு. களிக்கு இங்கிலீஷ்ல என்னன்னு தெரியல, களின்னே சொல்லி, கிண்டற மாதிரி நடிச்சுக் காட்டினேன். எல்லாரும் சிரிச்சாங்க. ஆப்பிரிக்காவுல இருந்து வந்த ஒரு பொண்ணு, பேரு கிரேஸ், எழுந்து நின்னு, "எங்க ஊர்லயும் இதே மாதிரி மாவு கிண்டுவோம், எங்க அம்மாவும் அடுப்பை உடைச்சாங்க"ன்னா. அதுக்கப்புறம் எனக்குப் பயமே போயிடுச்சு.

தலைமை தாங்கினவர் கேட்டார், "அப்படின்னா எந்த டிசைன் சரி?"ன்னு. நான் சொன்னேன்: டிசைன் எதுவா வேணா இருக்கட்டும் சார், கட்டின ஆளு ஒரு மாசம் கழிச்சுத் திரும்ப வரணும். பொம்பளைங்க சண்டை போடறதுக்கு ஒரு ஆள் வேணும், போட்டா மாத்திக் கொடுக்க அனுமதி வேணும். மேடம் முன் வரிசையில உட்கார்ந்து மூக்குக் கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டே இருந்தாங்க.

பரிசு நமக்கு இல்ல. அந்தக் கம்ப்யூட்டர் பையனுக்குத்தான். ஆனா அங்கே வந்திருந்த ஒரு பேராசிரியை, எம்.ஏ.வுக்கு அவங்க காலேஜ்ல அப்ளை பண்ணச் சொல்லிட்டுப் போனாங்க, நம்ம ரெண்டு பேரையும்.

சனி, ஞாயிறுக்கு ஊருக்குப் போனேன். அப்பா பஸ் ஸ்டாண்டுக்கே சைக்கிள்ல வந்துட்டார். பையை வாங்கி மாட்டிக்கிட்டு, "என்னம்மா கேட்டாங்க?"ன்னார். வழியெல்லாம் சைக்கிளைத் தள்ளிக்கிட்டே கேட்டுக்கிட்டு வந்தார். வீடு நெருங்கறப்ப எம்.ஏ. பத்திச் சொன்னேன். சைக்கிளை நிறுத்தினார். அப்புறம், "எத்தனை வருஷம்?"ன்னார். ரெண்டுன்னேன். "சரி, அவங்களுக்குச் சொல்லிடறேன்"னார்.

அன்னிக்கே போன் போட்டு அவங்களுக்குச் சொல்லியும் ஆச்சு. ஜினேஷுக்கு அடுத்து ஒரு தங்கச்சி இருக்கு, ரெண்டு வருஷம் காத்திருக்க முடியாதுன்னு ரொம்ப மரியாதையா பதில் சொல்லிட்டாங்க. எனக்கு வருத்தம்தான் கவி. அவரை விட்டதுக்கு இல்ல, அவரை நான் சரியாப் பார்க்கக்கூட இல்ல. அப்படி ஒரு மாமியாரை விட்டுட்டேனேன்னுதான்.

ஒண்ணு கேட்கணும். புரோகிராம் புத்தகத்துல என் பேரு முதல்லயும் உன் பேரு பின்னாடியும் இருந்துச்சு. அங்கே எல்லாரும் அகரவரிசையிலதான் போட்டிருந்தாங்க. இது எப்படி?

யமுனா

27-3-2000
திருவண்ணாமலை

யமு,

இன்னிக்குத்தான் தண்ணி ஊத்தினாங்க. முகத்துல தழும்பு இருக்கு, போயிடுமாம். போகலேன்னாலும் பரவாயில்ல, பசிக்குது. உன் லெட்டரை அம்மாகிட்ட படிச்சுக் காட்டினேன். மாமியார் வரிக்கு அவங்க சிரிச்ச சிரிப்புல இழுப்பு வந்துடும்னு பயந்துட்டேன். வரல.

பேரு விஷயம். அகரவரிசைதான் கேட்டாங்க, கட்டுரையை அனுப்பறப்ப நான்தான் மாத்தி அனுப்பினேன். நான் எழுதினதை நீ அடிச்சே. நீ எழுதினதை ஜோதியம்மாள் அடிச்சாங்க. நியாயமாப் பார்த்தா முதல் பேரு அவங்களுதுதான். மாணவர்கள் மட்டும்தான்னு எழுதியிருந்துச்சு, என்ன செய்ய? அவங்களுக்கு அடுத்தது நீ. நான் மூணாவது.

மூணாவதா இருக்கறதும் நல்லாத்தான்டி இருக்கு.

கவி